சாய்ந்து நின்ற சிவப்பு

ஃபோகஸ் தன் மச்சானுக்கு அறுபதாயிரம் கடன்பட்டிருந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. சமையலறை மேசையில் ஒரு துணிப்பையை வைத்து, "மூணு மாசத்துல திருப்பிடுங்க மாப்ள, வண்டிக்கு இன்ஜின் வேல வந்துடும்" என்று சொல்லிக் கொடுத்த பணம். மூன்று மாதம் போய், அதற்கு மேலும் மூன்று மாதம் போனது. இன்ஜின் வேலை சொல்லாமல் கொள்ளாமல் வந்தேவிட்டது. மச்சானின் சரக்கு வேன் மேம்பாலத்து ஏற்றத்தில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. இப்போது ஒர்க்‌ஷாப்பில் குடல் உருவின மாதிரி பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. சனிக்கிழமைக்குள் பணத்தைக் கட்டி வண்டியை எடுக்காவிட்டால், உதிரிக்கும் கூலிக்கும் சேர்த்து வேறு ஆளிடம் தள்ளிவிடுவேன் என்று ஒர்க்‌ஷாப்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வண்டி போனால் மச்சான் குடும்பத்தில் அடுப்பு எரியாது. அவ்வளவுதான் விஷயம்.

ஃபோகஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. சின்ன வயதில் ஒரு சினிமாக் கொட்டகையில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஒருநாள் படம் மங்கி, ஜனங்கள் "ஃபோகஸ், ஃபோகஸ்" என்று கத்த, ஆபரேட்டர் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, துடைப்பத்தைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடி லென்ஸைத் திருகிப் படத்தைத் தெளியவைத்தார். துடைப்பம் அன்றோடு போயிற்று, பெயர் நிலைத்துவிட்டது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ரீல் மெஷின் போய் வீடியோ மெஷின் வந்தபோது, படித்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் திருப்புளியைத் தூக்கிவிட்டார். நாலு தெரு சுற்றளவில் புரொஜெக்டரைப் பிரித்து, ஒரு ஸ்க்ரூ மிச்சம் வைக்காமல் திரும்பச் சேர்க்கிற கை அந்த ஒரு கைதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மிச்சம் வைத்தவர்களின் மெஷின்களும் கடைசியில் அவரிடம்தான் வந்தன.

இருந்தும் அவருக்கென்று சொந்தமாக ஒரு மெஷின் இருந்ததில்லை. காலமெல்லாம் பிறத்தியார் மெஷினுக்கு வைத்தியம் பார்த்தவர், ஐம்பத்தெட்டு வயதில் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள ஆசைப்பட்டார். பெரிய ஹாலுக்குப் போடுகிற மெஷின் ஒன்று பாதி விலைக்கு வந்தது. பாதி விலைக்குக் காரணம், உள்ளே ஒரு கண்ணாடி வெடித்திருந்தது. "ஒத்தக் கண்ணாடிதானே, நான் போட்டுக்குறேன்" என்று மார்தட்டி, மச்சானின் அறுபதாயிரத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்டி அதைத் தூக்கிவந்தார்.

அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மற்றது விளங்கும்.

புரொஜெக்டர் லாம்பிலிருந்து வருவது வெள்ளை வெளிச்சம். வெள்ளைக்குள் எல்லா நிறமும் இருக்கிறது, வானவில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெஷின் அந்த வெள்ளையைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து, மூன்று தனித்தனிப் பாதையில் அனுப்பி, ஒவ்வொன்றிலும் படத்தை ஏற்றி, கடைசியில் ஒன்றாகச் சேர்த்துத் திரையில் அடிக்கிறது. பிரிக்கிற வேலையைச் செய்வதற்குப் பெயர் டைக்ரோயிக் ஃபில்டர். பார்த்தால் சாதாரணக் கண்ணாடித் துண்டு. ஆனால் அதன் ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து, இருபது, முப்பது அடுக்கு ஏற்றியிருப்பார்கள். மழைத்தண்ணீரில் மிதக்கிற எண்ணெய்ப் படலம் சாயமே இல்லாமல் நிறம் காட்டுகிறதல்லவா, அதே சங்கதிதான். இங்கே அதை அளந்து பூசியிருக்கிறார்கள்.

சாயம் போட்ட கண்ணாடி வேறு ஜாதி. சிவப்புச் சாயக் கண்ணாடி சிவப்பை விட்டு மற்ற நிறத்தையெல்லாம் விழுங்கும். விழுங்கியது சூடாகும், சூடு ஏறினால் வெடிக்கும். டைக்ரோயிக் எதையும் விழுங்குவதில்லை. சிவப்பை இந்தப் பக்கம் விடும், மீதியை அந்தப் பக்கம் திருப்பியடிக்கும். வாசலில் நின்று, நீ உள்ளே போ, நீ திரும்பிப் போ என்று சொல்கிற காவல்காரன் மாதிரி. வந்த கூட்டத்தில் ஒருவரும் தொலைவதில்லை, ஆளுக்கொரு வழி, அவ்வளவே.

வெடித்திருந்தது முதல் வாசல். சிவப்பைப் பிரிக்கிற கண்ணாடி. கம்பெனிக்கு எழுதிப் போட்டால், அந்த மாடலை நிறுத்தி வருஷக்கணக்காகிறது என்று பதில் வந்தது. ஆகவே பழைய சாமான் கடைக்குப் போனார். உடைத்த மெஷின்களின் கண்ணாடிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள் கடைக்கார அக்கா. ஒவ்வொன்றாய் எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சில வெளிறின மஞ்சள். சில இருட்டுச் சிவப்பு, ஆறின ரத்தம் மாதிரி. அவற்றை ஒதுக்கிவிட்டு நடுவில் ஒன்றை எடுத்தார். பளிச்சென்று தக்காளிப்பழச் சிவப்பு.

"இதான். கண்ணே எனக்கு மீட்டரு" என்றார்.

"மீட்டரு சரியா ஓடுதான்னு பாத்துக்கங்க. வித்த சாமான திருப்பி வாங்க மாட்டேன்" என்றாள் அக்கா.

கண்ணாடி சட்டத்தில் அச்சாக உட்கார்ந்தது. வீட்டுச் சுவரில் படம் போட்டுப் பார்த்தார். வீட்டுச் சுவர் என்றைக்கோ வெள்ளையாக இருந்தது, புகையும் வயதும் ஏறி மஞ்சளடித்துக் கிடந்தது. ஒரு தோட்டத்துப் படம் வந்தது. மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். ரெடிமேட் கம்பெனிச் சட்டைகளின் பொத்தான் ஓட்டைகளுக்குக் காஜா போட்டுக் கொடுப்பவள். நாள் முழுக்க நூல்கண்டுகளை நிறம் பார்த்து எடுத்த கண்கள்.

"என்னங்க, அந்தப் பூவு ஆரஞ்சாவா இருக்கும்?"

"செவுரு மஞ்சள்டி. மஞ்ச செவுத்துல செவப்பு விழுந்தா அப்படித்தான் தெரியும்."

"எல பச்சையும் ஏதோ நோஞ்சானாட்டம் இருக்கு."

"நீ காஜாவப் பாரு. வெளிச்சத்த நான் பாத்துக்குறேன்."

 தையல் மெஷின் கொஞ்சம் சத்தமாக ஓடியது.

அடுத்த வாரமே வேலை வந்தது, அதுவும் சின்ன வேலை அல்ல. ஒரு பெயிண்ட் கம்பெனி, தன் வியாபாரிகளைக் கூட்டிப் புது நிறங்களைத் திரையில் காட்டப் போகிறது. வெள்ளிக்கிழமை மாலை முதல் கூட்டம். அது நன்றாக நடந்தால் அந்த சீசன் முழுக்க வேறு வேறு ஹால்களில் கூட்டம், எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்பணம் அறுபதாயிரம் கையில் கொடுப்பார்கள். இதைச் சொல்ல மச்சான் வீட்டுக்கு ஃபோகஸ் நடந்தே போனார். "வெள்ளிக்கிழம ராத்திரி உங்க பணம் உங்க கைல. சனிக்கிழம காலைல வண்டிய ஓட்டிட்டு வாங்க" என்றார். 

"மாப்ள, இது எத்தனாவது வெள்ளிக்கிழம?"

"இந்த வெள்ளிக்கிழமைக்குப் பேர் வேற மச்சான்."

வியாழக்கிழமை மதியம் ஹாலில் ஒத்திகை. கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார், கையில் நிற அட்டை. திரையில் முதல் படமாகச் சிவப்புதான் வந்தது. கம்பெனியின் புதுச் சிவப்பு. அந்த வருஷமே அதன் மேல்தான் நிற்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அம்மாள் அட்டையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அட்டையில் சிவப்பு. திரையில் பழுத்த ஆரஞ்சு.

 ஹாலுக்குச் சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சற்று முன் சொல்லிக்கொண்டிருந்த ஹால் மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"செட்டிங்ல ஏதோ மாறியிருக்கும்மா, ஒரு நிமிஷம்" என்று ஃபோகஸ் பொத்தான்களை அமுக்கினார். ஆரஞ்சு இருட்டானது, சிவப்பாகவில்லை. பச்சை நிறத்தைப் போட்டால் அது சோகை பிடித்து வந்தது. வெள்ளையில் ரோஸ் தட்டியது. லாம்பை மாற்றினார். வயரை மாற்றினார். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. இங்கே சுவர் மஞ்சள் என்று சொல்ல முடியாது. திரை பால் மாதிரி வெள்ளை.

"ஐயா, செவப்பு பெயிண்ட் விக்க வந்துருக்கோம். இதப் பாத்தா வியாபாரிங்க ஆரஞ்சு ஜூஸ் கேப்பாங்க" என்றார் அம்மாள்.

"நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்."

"நாளைக்கு ஒரு நாளைக்கு வேற மெஷின் கெடைக்கலன்னுதான் உங்கள விட்டு வைக்கிறேன். மத்த ஊர் கூட்டமெல்லாம் வேற ஆளுக்குக் குடுத்துடறேன். தப்பா நெனச்சுக்காதீங்க." அவர் அங்கேயே நின்று போனை எடுத்துப் பேசினார். இரண்டு நிமிஷப் பேச்சு. சீசன் போயிற்று, முன்பணம் போயிற்று.

ஃபோகஸ் மெஷினைச் சுமந்துகொண்டு மாடியிலிருந்த சாமான் அறைக்குப் போனார். மடக்கு நாற்காலிகள் அடுக்கிய அறை, மேற்கே ஒரு ஜன்னல். மூடியைக் கழற்றிக் கண்ணாடியை வெளியே எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். தக்காளிப்பழச் சிவப்பு. அப்பழுக்கில்லை. உள்ளே போட்டார், சுவரில் ஆரஞ்சு. வெளியே எடுத்தார், சிவப்பு. உள்ளே போட்டார், ஆரஞ்சு. கைக்குள் நல்ல பிள்ளையாக இருந்து, வீட்டை விட்டு இறங்கியதும் வாலை ஆட்டுகிற பிள்ளை மாதிரி அது அவரை ஏய்த்தது. நாற்பது வருஷமாக அந்தக் கண்கள் அவரைக் கைவிட்டதில்லை. இப்போது அவர் எதை நம்புவது? கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து எங்கே போவது என்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் மனைவி முகத்தில் முழிக்க வேண்டும். தெருவில் போனால் மச்சான் வருவார்.

மச்சான் அங்கேயே வந்துவிட்டார். ஹால் வாட்ச்மேன் அவருக்குத் தெரிந்தவர், சேதி அவர் வாய் வழியாகப் போயிருந்தது. மூச்சிரைக்க வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை, வேலைக்குப் போகாத நாளின் சட்டை.

"கூட்டமெல்லாம் வேற ஆளுக்குப் போயிடுச்சாமே?"

ஃபோகஸ் தரையில் கிடந்த ஒரு ஸ்க்ரூவைப் பொறுக்கி எடுத்தார்.

"கேக்குறேன்ல மாப்ள?"

"போயிடுச்சு."

"அப்ப என் வண்டியும் போயிடுச்சு." மச்சான் ஒரு நாற்காலியை உதைத்தார், வரிசையாக நாலு சரிந்தது. "வெளிச்சத்தப் பிரிக்கிறாராம், சேக்குறாராம்! என் வயித்தப் பிரிச்சது தெரியுதா? தங்கச்சி புருஷனாச்சேன்னு குடுத்தேன். வேற எவனாவது இருந்தா வாசல்ல நின்னு கத்திருப்பேன். எடுங்க அந்த மெஷின, எடைக்குப் போட்டாவது வித்துக்கறேன்."

"மச்சான், அதத் தொடாதீங்க. உள்ள எல்லாம் கழண்டு கெடக்கு."

"தொடுவேன். என் பணம் அது." கைக்கு முதலில் அகப்பட்டது மேசை மேலிருந்த கண்ணாடி. அதைத் தூக்கி ஆட்டினார். "இதுதானே? இதுக்குத்தானே இத்தன ஆட்டம்? ஒடச்சிடட்டா? சொல்லுங்க, ஒடச்சிடட்டா?"

ஜன்னல் வெயில் அந்தக் கண்ணாடி வழியாக மச்சானின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. ஆட்டிக்கொண்டிருந்த கை. சட்டையில் சிவப்பு. கை சாய, ஆரஞ்சு. இன்னும் சாய, மஞ்சள். கை நிமிர, மறுபடி சிவப்பு.

ஃபோகஸ் எழுந்து நின்றார்.

"மச்சான். கைய அசைக்காதீங்க."

"மெரட்டுறீங்களா?"

"கும்பிடறேன், அசைக்காதீங்க. கொஞ்சம் சாய்ங்க. நீங்க இல்ல, கண்ணாடி. அப்படித்தான்... இன்னும்... உங்க சட்டையப் பாருங்க!"

மச்சான் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். மஞ்சள் கட்டம் ஒன்று அங்கே நடுங்கிக்கொண்டிருந்தது. "இது என்ன கூத்து?" என்றார். கோபம் இன்னும் தீரவில்லை, குரலில் மட்டும் ஒரு சுருதி இறங்கியிருந்தது.

கூத்து இதுதான். அந்தப் பூச்சு அடுக்குகள் எந்த நிறத்தை விடுவது, எதைத் திருப்புவது என்று முடிவு செய்வது வெளிச்சம் எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. நேருக்கு நேர் வந்தால் ஒரு கணக்கு, சரிந்து வந்தால் வேறு கணக்கு. கண்ணாடியைச் சாய்க்கச் சாய்க்க, வாசல் வானவில்லின் நீலப் பக்கமாக நகர்ந்துபோகும். நேரே பிடித்தால் சிவப்பை மட்டும் விடுகிற கண்ணாடி, சாய்த்தால் ஆரஞ்சையும் மஞ்சளையும் சேர்த்து விடும். மெஷினுக்குள் அந்தக் கண்ணாடி நேராக நிற்பதில்லை. பிரித்ததைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டுமே, அதனால் நேருக்கும் படுக்கைக்கும் நடுவே, பாதிச் சாய்வில் நிற்கிறது. சட்டத்தைத் தன் கையால் எத்தனையோ முறை துடைத்தவர் அவர். சாய்வு தெரியும். சாய்வு நிறத்தை மாற்றும் என்பது தெரியாது. சூரியனுக்கு நேரே பிடித்து வாங்கியிருக்கிறார். நின்று பார்த்துப் பிடித்த பொண்ணு உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டாள்.

அப்படியானால் சாய்வில் சரியான சிவப்பு தருகிற கண்ணாடி, நேரே பார்த்தால் எப்படி இருக்கும்? இருட்டாக இருக்கும். ஆறின ரத்தம் மாதிரி.

"எழுந்து வாங்க மச்சான்" என்றார் ஃபோகஸ், நின்றுகொண்டிருந்த மச்சானைப் பார்த்து.

வேன் இல்லாததால் பஸ்ஸில் போனார்கள். மச்சான் டிக்கெட் எடுக்கும்போது, "இதையும் எழுதிக்கறேன்" என்றார். பிஸ்கட் டின் இருந்த இடத்தில் இல்லை. கடைக்கார அக்கா கண்ணாடிக் குப்பையை எல்லாம் மூட்டை கட்டி, உருக்குகிற ஆளுக்காக வாசலில் வைத்திருந்தாள்.

"அன்னிக்கு மீட்டரு மீட்டருன்னு பேசுனீங்க?"

"மீட்டர் சரிதான்க்கா. புடிச்ச கை தப்பு."

மூட்டையை அவிழ்க்கக் காசு கேட்டாள். ஃபோகஸ் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார், மொத்தமும். பஸ் காசு உட்பட. தரையில் சாக்கை விரித்து இரண்டு பேரும் மண்டி போட்டுத் தேடினார்கள். பாதி நொறுங்கிப் போயிருந்தது. மச்சானின் விரலைக் கண்ணாடி கீறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டே தேடினார், திட்டிக்கொண்டே தேடினார். ஃபோகஸ் ஒரு பழைய நாளிதழைச் சதுரமாகக் கிழித்து, மூலைக்கு மூலை மடித்தார். சதுரத்தை அப்படி மடித்தால் வருவது மெஷினுக்குள் இருக்கிற அதே பாதிச் சாய்வு. மடித்த விளிம்பில் ஒவ்வொரு இருட்டுத் துண்டையும் சாய்த்து வைத்து, மச்சான் சட்டையில் வெயிலை விழவைத்தார். ஒன்று செம்மஞ்சள். ஒன்று கறுப்பு. ஒன்று முனை உடைந்தது, கையகலம், நேரே பார்த்தால் அடுப்பில் அணைந்த கரி மாதிரி. அதைச் சாய்த்தார்.

சட்டையில் சிவப்பு விழுந்தது. அந்த அம்மாள் கையில் வைத்திருந்த அட்டையின் சிவப்பு.

 அக்கா எட்டிப் பார்த்து, "சட்டய வித்துடுங்க, நல்ல வெல போகும்" என்றாள்.

கண்ணாடி சட்டத்தை விடப் பெரிது. ஃப்ரேம் கடைக்காரர் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார், உடைந்தால் தன்னால் பதில் சொல்ல முடியாது என்று. அவர் கடையிலேயே வைரமுனையைக் கடன் வாங்கி ஃபோகஸ் தானே உட்கார்ந்தார். பூச்சுள்ள முகத்தில் கோடு போட்டால் பூச்சு உரிந்துவிடும். எது பூச்சு முகம் என்று கண்டுபிடிக்க, ஒரு ஊசிமுனையைக் கண்ணாடியில் தொட்டார். பூச்சில்லாத பக்கம் ஊசிக்கும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி நிற்கும். பூச்சுப் பக்கம் ஊசியும் பிம்பமும் முனையோடு முனை ஒட்டிக்கொள்ளும். இடைவெளி நின்ற பக்கத்தை மேலே வைத்தார். 

"மச்சான், இந்தப் பக்கம் அழுத்திப் புடிங்க. ஒடஞ்சா ரெண்டு பேரும் சேந்து ஒடச்சதா இருக்கட்டும்."

"நல்லா இருக்கு மாப்ள நியாயம்."

ஒரே கோடு. டக் என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள், முதலில் திறந்தவர் மச்சான். நேராக வந்திருந்தது. அந்த ஊரில் வேறு யார் கோடு போட்டிருந்தாலும் அது வளைந்திருக்கும். இதையும் பெருமைக்காகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை திரையில் சிவப்பு வந்தபோது வியாபாரிகள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பெயிண்ட் அம்மாள் அட்டையை உயர்த்திப் பிடித்தார், இறக்கினார், ஃபோகஸ் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். கூட்டம் முடிந்ததும் பேசிய கூலி ஆறாயிரத்தைக் கொடுத்துவிட்டு, "நேத்து இப்படிக் காட்டியிருக்கக் கூடாதா? மத்ததெல்லாம் குடுத்துட்டேனே" என்றார். நல்ல பெண்மணிதான். நேற்று என்பதை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அவர் போனபின் ஃபோகஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, சூடு தணிய வேண்டும். மனைவி தையலை விட்டுவிட்டு நேரே வந்திருந்தாள், கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்துபோய். கம்பெனி முடிவில் காட்டிய பூந்தோட்டத்துப் படம் வரை கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள்.

"பூவு சரியா இருக்குங்க" என்றாள்.

"ம்."

"அண்ணன் வெளியில நிக்குது. உள்ள வரமாட்டேங்குது."

ஃபோகஸ் தலையாட்டினார். ஆறாயிரத்தில் ஒர்க்‌ஷாப்காரர் ஒரு நட்டைக்கூடத் தரமாட்டார். இன்னும் ஒரு மாதம் தாருங்கள் என்று கேட்கலாம். மச்சான் வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லமாட்டார். அதுதான் கொடுமை. சொல்லாமல் வண்டியை இழந்துவிட்டு, தங்கச்சி முகத்துக்காகப் பேசாமல் நடந்து போவார்.  ஃபோகஸ் இதுவரை தன்னால் யாரையும் அப்படி நடக்கவிட்டதில்லை. தான் நடந்திருக்கிறார், அது வேறு.

ஹால் மேனேஜரைத் தேடிப் போனார்.

"நேத்து ஒரு பேச்சு பேசுனீங்க, ஹாலுக்குச் சொந்தமா ஒரு மெஷின் இருந்தா நல்லா இருக்கும்னு."

மேனேஜர் நிமிர்ந்தார். "நேத்து ஆரஞ்சு மெஷின். எனக்கு வேணாம்னு இருந்துச்சு."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு எவ்வளவு?"

பேரம் நடந்தது. ஃபோகஸ் எழுபதில் ஆரம்பித்தார், மேனேஜர் நாற்பதில். மனைவி அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தி நாலில் நின்றது. மேனேஜர் பெட்டியைத் திறந்து கட்டுகளை எடுத்து வைத்தார்.

"ஓட்ட ஆள் வேணும். நீங்களே வந்துடுங்க, தினக்கூலி தரேன்."

"வரேன். ஆனா ஆள விட்டுச் சொல்லி அனுப்பணும். விசில் அடிச்சுக் கூப்பிட்டா வரமாட்டேன்."

"நீங்க மாறவே மாட்டீங்க" என்று மேனேஜர் சிரித்தார். ஃபோகஸ் சிரிக்கவில்லை. மெஷினின் விசிறி அப்போதுதான் நின்றது. மூடியை எடுத்துப் போட்டு, நாலு மூலையும் இறுக்கி, மேலே ஒரு தடவை துடைத்தார். வேறொருவர் சாமானைத் துடைக்கிற மாதிரி.

மச்சான் வாசல் படியில், தெருவைப் பார்த்து நின்றிருந்தார். விரலில் துணி சுற்றியிருந்தது. இவர்கள் வருவதைப் பார்த்ததும், "மாப்ள, செவப்பு வெளியில வரைக்கும் தெரிஞ்சுது. நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு மெஷின் இல்லாத கைகளைக் கவனித்தார். "மெஷின் எங்க?"

"உள்ள இருக்கு. அது இனி ஹாலோடது."

"வித்துட்டீங்களா?"

"கைய நீட்டுங்க."

"ஐயோ மாப்ள, நான் ஏதோ ஆத்திரத்துல..."

"அண்ணா, கைய நீட்டு" என்றாள் தங்கை.

மச்சான் கையை நீட்டினார். ஃபோகஸ் தெருவிளக்குக்குக் கீழே அவரை ஒரு அடி இழுத்து நிறுத்தி, கட்டைப் பிரித்து, கூலி ஆறாயிரத்தையும் அதோடு சேர்த்து, விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி, விரித்த அந்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார். நடுவில் மச்சான், "போதும், நான் நம்பறேன்" என்றார். ஃபோகஸ் நிறுத்தவில்லை. குரல் ஒரு இடத்தில் தடுமாறியது, அந்த நோட்டை எடுத்து மறுபடி எண்ணினார். கை நிறைந்து, மச்சான் இன்னொரு கையையும் அடியில் கொடுத்தார். கடைசி நோட்டை வைத்து, "அறுபதாயிரம்" என்றார்.